ஐந்நூறு டாலர் வண்டியும் ஆறு பேரும்

சென்ற விடுமுறையில் யான் நம் கலாசாலைக்கு வந்திருந்தபோது, விடுதி மாணவர் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "ஐயா, அமெரிக்காவில் பந்தய வண்டி ஓட்டினீர்களாமே, மெய்தானா?" என்று வினவினர். மெய்தான் என்றேன். அடுத்த கேள்வி, "என்ன வண்டி?" என்பது. அதற்கடுத்தது, "எவ்வளவு வேகம்?" என்பது. யார் யார் சேர்ந்து ஓட்டினீர்கள் என்று அவருள் ஒருவரேனும் கேட்டிலர். அவர்களைக் குறை கூறுகின்றேனல்லேன். சில ஆண்டுகளுக்கு முன் யானும் அவ்விரு கேள்விகளுக்கு அப்பால் செல்லாதவனே. அதனால் எனக்கு நேர்ந்த நஷ்டம் பணத்தளவில் நிற்கவில்லை. பன்னிரண்டாண்டு நட்பொன்று போயிற்று. குறைந்த செலவிற் பந்தயமோட விரும்புவோர் முதலில் தேடவேண்டியது வண்டியையன்று, ஆட்களையே என்பது என் அபிப்பிராயம். அதனை மாணவர்க்கு நின்றபடியே விளக்கப் பொழுதில்லாமையால் ஈண்டு எழுதுகிறேன்.

பந்தயம் இன்னதென்று முதலிற் கூறவேண்டும். அமெரிக்க நாட்டு மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது, முட்டை வடிவான தடத்தில் எப்போதும் இடப்பக்கமே திரும்பி ஓடுவது. யான் கூறுவது அஃதன்று. வலமும் இடமும் வளைந்து, மேடேறிப் பள்ளமிறங்கி, நாட்டுப்புறச் சாலை போலவே அமைந்த தடத்தில் ஓடுவது இது. ஆங்கு அதற்குப் புத்துயிர் தந்தவருள் ஒருவர் மாணவர் என்பது நம்மவர்க்கு உவப்பளிக்கும். கார்னெல் சர்வகலாசாலையில் சட்டம் பயின்றுகொண்டிருந்த காமரன் ஆர்கெட்சிங்கர் என்பார், நியூயார்க் மாகாணத்து வாட்கின்ஸ் கிளென் என்னும் சிற்றூரின் பொதுச் சாலைகளையே 6.6 மைல் நீளமுள்ள ஒரு சுற்றாக வகுத்து, 1948-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி பந்தயம் நடத்துவித்தார். தாமும் தம்முடைய எம்.ஜி. வண்டியிலேறி ஓடினார். பாதை ரயில் தண்டவாளத்தையும் கடந்து சென்றது. நான்கு ஆண்டுகள் ஊரே திருவிழாக் கண்டது. 1952-இல் ஓடிய வண்டியொன்று வேடிக்கை பார்த்து நின்றவர்மீது மோத, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். அத்துடன் ஊர்த்தெருப் பந்தயம் முடிந்தது. 1956-இல் அவ்வூரருகே தனித்தடம் கட்டப்பெற்றது. நள்ளிரவிற் பெருஞ்சாலைகளில் ஒருவரையொருவர் முந்தி விரைந்து, அதனைப் பந்தயம் என்று சொல்லிக்கொள்ளும் நம் நாட்டு இளைஞர், அந்த ஏழு வயதுச் சிறுவனை ஒருமுறை நினைப்பாராக.

தனித்தடம் வந்தபின் பந்தயம் செல்வர்க்கே உரியதாகும் போலத் தோன்றிற்று. அந்நிலையைப் பரிகசித்துப் பிறந்ததே 'லெமன்ஸ் 24 மணி' என்னும் பந்தயம். பிரான்சு தேசத்து லெமான் நகரில் 1923 முதல் நடந்துவரும் பெரும்பந்தயத்தின் பெயரையும், பழுதான வண்டியை 'எலுமிச்சை' என்னும் ஆங்கில வழக்கையும் பிசைந்து செய்த பெயர் அது. ஜே லாம் என்பவர் 2006-இல் கலிபோர்னியா மாகாணத்து ஆல்டமான்ட் தடத்தில் இதனைத் தொடங்கினார். வண்டியை வாங்குவதும் ஓடத்தக்கதாக்குவதும் 500 டாலருக்குள் அடங்கவேண்டும் என்பது அதன் தலையாய விதி. பந்தயத்துக்கு முந்திய நாள் நீதிபதிகள் வண்டியைச் சுற்றிவந்து, உரிமையாளர் சொல்லும் கணக்கைக் கேட்டு நகைப்பர். மிகையென்று கண்டால், மிகையான ஒவ்வொரு 10 டாலருக்கும் ஒரு சுற்று வீதம் கழிப்பர். பெயரில் 24 மணி என்றிருப்பினும், பெரும்பாலும் சனி ஞாயிறு என்னும் இரு பகற்பொழுதுகளில் ஓட்டம் முடியும். எல்லோர்க்கும் முந்தி வந்தவனைவிட, ஓடவே தகாத வண்டியை ஓட்டிக் காட்டிய குழுவுக்கே ஆங்குப் பெருமதிப்பு.

நிற்க. 500 டாலர் என்றதும் மயங்கலாகாது, யானும் மயங்கினேன். வண்டியின் விலை மொத்தச் செலவிற் சிறுபகுதியே. வண்டி உருண்டாலும் ஓட்டுவோன் தலைமேல் கூரை நசுங்காதபடி உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டொன்று பற்றவைக்க வேண்டும். அதுவே வண்டியின் விலையைப்போற் பன்மடங்காகும். தனி இருக்கை, வார்ப்பட்டைகள், தீயில் எரியாத உடை, குறித்த தரமுடைய தலைக்கவசம், நுழைவுக் கட்டணம், டயர், பெட்ரோல், இழுத்துச் செல்லும் வண்டி வாடகை என்று கணக்கு நீளும். பல பேர் கூடினாலன்றி நடுத்தர வருவாயுடையார்க்கு இஃது இயலாது. ஆகவே குழு என்பது இங்கு அலங்காரமன்று. பந்தயத்தின் அஸ்திவாரமே அது.

எங்கள் முதற் குழு உருவான விதத்தைக் கேளுங்கள். யானும் என் நண்பரும் ஓரிரவு விளம்பரமொன்றில் 450 டாலருக்கு ஒரு நாற்கதவு வண்டியைக் கண்டோம். மறுநாட் காலையில் வாங்கினோம். வாங்கியபிறகே ஆள் தேடினோம். அலுவலகத்திலிருந்து இருவரும், குழாய் வேலை செய்யும் இளைஞர் ஒருவரும் வந்தனர். கூண்டுக்கு நண்பர் பணம் தந்தார். டயருக்கு யான் தந்தேன். பிறர் இயன்றது தந்தனர். எழுதி வைத்தவர் எவருமில்லை. 'நண்பர்களுக்குள் கணக்கென்ன?' என்று சொன்னவன் யானே. பந்தயம் வில்லோஸ் என்னும் ஊரருகே உள்ள தண்டர்ஹில் தடத்தில். மூன்று மைல் சுற்று, பதினைந்து வளைவுகள். ஐந்தாம் வளைவு மேட்டுச்சியில் இருப்பதால் அப்பாலுள்ளது ஏறும் வரையில் தெரியாது. கோடையில் அவ்விடத்து வெயில் நம் வேலூரை நினைவூட்டும்.

சனிக்கிழமை பிற்பகல், குழாய் வேலை இளைஞர் வண்டியைத் திருப்பிக்கொணர்ந்து, "பிரேக்குப் பெடல் தளர்ந்திருக்கிறது, பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கிறது" என்றார். அடுத்து ஏறவேண்டியவர் என் நண்பர். கூண்டுக்குப் பணம் தந்தவராகையால் அன்று மூன்றாம் முறையாக ஏறுபவரும் அவரே. சக்கரங்களைக் கழற்றிப் பிரேக் ஆயிலை மாற்றினால் அரைமணி போகுமென்று மறுத்து, "இருமுறை மிதித்தாற் பிடிக்கிறது, போதும்" என்று ஏறி அமர்ந்தார். இளைஞர் என் முகத்தைப் பார்த்தார். யான் ஒன்றும் பேசவில்லை. ஐந்தாம் சுற்றில், நேர்வழியின் முடிவில் பெடல் தரையைத் தொட்டது. வண்டி புல்வெளியிற் பாய்ந்து புழுதியெழுப்பி ஒருபக்கமாகச் சாய்ந்து வீழ்ந்தது. நண்பருக்கு மணிக்கட்டெலும்பு முறிந்தது. கூண்டு இல்லாதிருப்பின் வேறு செய்தி எழுத நேர்ந்திருக்கும்.

பேசாதிருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறைத்தால் இக்கட்டுரை பயனற்றது. வண்டியிலிருந்த பிரேக் ஆயிலை ஊற்றியவன் யான். புதுப் புட்டி வாங்காமல், வீட்டு மூலையில் ஓராண்டாகத் திறந்து கிடந்த புட்டியிலிருந்து ஊற்றினேன். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. சாதாரண 'டாட் 3' வகை, புதிதாயிருக்கும்போது 205 டிகிரி செண்டிகிரேடு வரையிற் கொதியாது நிற்கவேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அதற்கு விதித்த எல்லை 140 டிகிரிதான். சுற்றுக்குச் சுற்று வேகத்தை அடக்கும்போது பிரேக்குத் தட்டுகள் அடுப்புப்போற் காய்கின்றன. ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் எழுகின்றது. குமிழை அழுத்தலாம், அது சக்கரத்தைப் பிடிக்காது. இதில் நகைப்புக்கிடமானது யாதெனில், பிரேக்கும் சக்கரமும் டயரும் கூண்டும் ஓட்டுவோன் பாதுகாப்புக்குரிய பிறவும் அந்த 500 டாலர் கணக்கில் அடங்கா என்று பந்தய விதியே விலக்களித்திருக்கிறது. சிக்கனம் வேண்டாம் என்று விதி சொன்ன இடத்திலேயே யான் சிக்கனம் செய்தேன். நண்பரிடம் இதனைப் பின்னர்ச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அதன்பின் என்னோடு பேசுவதில்லை.

இனி இரண்டாம் குழு. ஓராண்டு கழித்து அவ்விளைஞரே என்னைத் தேடி வந்தார். இம்முறை வண்டி வாங்குமுன் ஐந்து மாதம் கூடிப் பேசினோம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர், அச்சகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பியர் இருவர், குழாய் வேலை இளைஞர், யான் என அறுவரானோம். ஒரு தாளில் உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டோம். அதிலுள்ள யாவற்றையும் சொல்லப் புகின் விரியும். சர்ச்சைக்குரிய இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

ஒன்று, ஓட்டும் பொழுது சமபங்கு என்பது. பணமும் சமம், உழைப்பும் சமம், இருக்கையும் சமம். அச்சகத்துத் தம்பி எங்களுள் மிக விரைவாக ஓட்டுபவர். அவருக்குக் கூடுதற்பொழுது தந்தால் வெற்றி கிட்டுமே என்பாருமுளர். ஆசிரியை கரும்பலகையின்றியே இதற்கு விடை கூறினார். ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிஷம் ஆகிறது என்று கொள்க. விரைந்து ஓட்டுபவர் சுற்றொன்றுக்கு மூன்று வினாடி மிச்சம் பிடிக்கிறார் என்றும் கொள்க. அஃது ஒரு பெரிய வித்தியாசமே. பெட்ரோல் ஊற்றவும் ஆள் மாறவும் நிற்குமிடத்தில் நாம் ஐந்து நிமிஷம் வீணாக்கினால், அதனை மீட்க அவருக்கு நூறு சுற்று வேண்டும். நூறு சுற்று என்பது நான்கு மணிக்கு மேல். ஆக, ஸ்பானர் எங்கே என்று தேடாதிருத்தல், நட்டை வரிசைப்படி முறுக்குதல், அடுத்தவர் உடையணிந்து முன்கூட்டியே காத்திருத்தல் என்னும் இவை வேகத்தினும் மிக்க பயன் தருவன. அக்காரியங்களை மனமுவந்து செய்பவர் யார்? தமக்கும் இருக்கையுண்டென்று அறிந்தவரே. ஒருவரைக் கதாநாயகராக்கி ஐவரைக் கூலியாட்களாக்கும் குழு இரண்டாம் பந்தயத்தைக் காண்பதில்லை. எம் முதற் குழு முதற் பந்தயத்தையே முடிக்கவில்லை.

மற்றொன்று, வண்டியை நிறுத்தும் அதிகாரம். அறுவருள் எவர் 'நிறுத்து' என்றாலும் வண்டி நிற்கவேண்டும். காரணத்தை மாலையில்தான் கேட்கவேண்டும், அப்போது கேட்கலாகாது. பொய்யான அச்சத்தால் நிறுத்தியவரைப் பழித்துப் பேசுதலும் குற்றம். இது மிகையென்று எனக்கே முதலில் தோன்றிற்று. நர்ஸ் அம்மையார்தாம் வற்புறுத்தினார். ஆஸ்பத்திரியிலும் இளையவர் வாய் திறக்க அஞ்சுவதால் தவறுகள் நேர்கின்றன என்றார். இளைஞர் என் முகத்தைப் பார்த்து நின்ற அந்தப் பிற்பகலை எண்ணிக் கையொப்பமிட்டேன். கணக்குப் புத்தகம் ஆசிரியையிடம். ஒரு டாலர் எண்பது சென்டுக்கு வாங்கிய குழாய்ப் பிடியையும் அவர் எழுதாமல் விடுவதில்லை. சில வேளைகளில் எரிச்சலாகவே இருக்கும்.

பணத்தை எங்கே செலவிடுவது என்பதிலும் இளைஞர் தவறுவர். இஞ்சினுக்கு வலுவேற்ற வேண்டுவதில்லை. அது சாகாதிருந்தாற் போதும். நீண்ட வளைவில் வண்டி திரும்பும்போது அடித்தொட்டியிலுள்ள எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிவிட, உறிஞ்சுங்குழாய் காற்றை உறிஞ்சுகிறது. சில வினாடியில் பேரிங்குகள் தேய்ந்து அழியும். எண்ணெய் ஒதுங்காதபடி தொட்டியிற் சில தடுப்புத் தகடுகளைப் பற்றவைத்தோம். ரேடியேட்டரையும் ரப்பர்க் குழாய்களையும் புதுப்பித்தோம். தேய்மான எண் மிகக் குறைந்த டயருக்கு விதியில் இடமில்லை, அதுவும் நல்லதே. விரைவில் தேயும் மென்மையான பந்தய டயர்களை வாங்கிச் செல்வர் முந்திச் செல்ல வழியில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒரு செய்தி கூறாது விட மனமில்லை. வண்டி மோதும்போது உடல் வார்ப்பட்டையில் நின்றுவிடும், தலை முன்னே பாயும். மண்டையோட்டின் அடிப்புறம் முறியும். இதனைத் தடுக்கத் தோள்மேல் அமர்ந்து தலைக்கவசத்தைப் பிணிக்கும் 'ஹான்ஸ்' என்னும் கருவியை 1980-களில் உருவாக்கியவர் மிச்சிகன் மாகாண சர்வகலாசாலைப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட். தூண்டுதல் தந்தவர் அவர் மைத்துனரும் பந்தய வீரருமான ஜிம் டௌனிங். நெடுங்காலம் பெரிய ஓட்டுநர் பலர் அதனை அணிய மறுத்தனர். 2001 பிப்ரவரியில் டேட்டோனாவில் டேல் எர்ன்ஹார்ட் உயிர் துறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் நாஸ்கார் நிறுவனம் தன் முதல்நிலைப் பந்தயங்களில் இவ்வகைக் கருவியைக் கட்டாயமாக்கிற்று. 500 டாலர் வண்டியில் அமர்பவரும் இவ்வகைக் கருவியை அணிந்தே அமரவேண்டும். அணிந்தால் கழுத்தைத் திருப்புவது கடினம் என்று முறையிடுவோர் வீட்டில் இருக்கலாம்.

இவையெல்லாம் வீண் என்பார்க்கு யான் நெடிது மறுமொழி கூறேன். பெட்ரோல் எரிகிறது, உண்மை. அபாயமுண்டு, அதனை மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் பத்துப் பேர் பார்த்துக் கைதட்டத் தனியனாகச் சாலையில் விரைபவனுக்கும், ஆறு பேர் கையொப்பத்தின்கீழ்த் தடத்தில் ஓடுபவனுக்கும் உள்ள வேற்றுமையை, பிள்ளைகளைப் பெற்றோர் அறிவர்.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில் பல்லாண்டு பந்தயங்கள் நடந்தன. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை வளர்த்தது. அங்கே பியட், ஹெரால்டு முதலிய வீட்டு வண்டிகளையே திருத்தி ஓட்டினர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைந்தது. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் அவர்கள் 1980-களின் பிற்பகுதியில் மாருதி 800 வண்டியின் இஞ்சினைக் கொண்டே ஒற்றையிருக்கைப் பந்தய வண்டி செய்து, செலவைக் குறைத்துப் பலர்க்கு வழிதிறந்தார். பின்னர் உலகறிந்த நாராயண் கார்த்திகேயன் முதலில் ஓடியதும் அவ்வகைப் பந்தயத்திலேயே. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்துத் தடம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. அங்கே நடைபெறும் 'பார்முலா பாரத்' என்னும் இஞ்சினியரிங் மாணவர் போட்டியில், தாமே கட்டிய வண்டி ஓடுவதற்கு மட்டுமன்றி, அதன் செலவுக்கணக்கை விளக்குவதற்கும் மதிப்பெண் உண்டென்பதை நம் வணிகவியல் மாணவர் கவனிப்பாராக.

நம் கலாசாலையில் இஞ்சினியரிங் வகுப்பில்லை. ஆயினும் விடுதியில் என்னைச் சூழ்ந்த அவ்வறுவரோ எழுவரோ மெய்யாகவே விரும்பின், வண்டி விளம்பரங்களைப் பார்ப்பதை ஓராண்டு ஒத்திவைத்து, இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிப்பாளையத்திலோ பந்தய நாட்களில் கொடி காட்டும் தொண்டராகப் பணிசெய்ய இடமுண்டா என்று விசாரிக்கலாம். வெயிலில் பகல் முழுதும் நின்றபின்னும் எவரெவர் மறுநாள் வருகின்றனர் என்று அப்போது தெரியும். அவரே குழு. கணக்குப் புத்தகத்தை யாரிடம் கொடுப்பதென்றும் அங்கேயே தெரிந்துபோகும்.

எங்கள் இரண்டாம் குழு சென்ற பந்தயத்தில் எண்பத்திரண்டு வண்டிகளுள் ஐம்பத்தேழாவதாக வந்தது. ஞாயிறு காலை ஆசிரியை ஏதோ வாடை வீசுகிறதென்று வண்டியை நிறுத்தினார். இருபது நிமிஷம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. ஏறத்தாழ எட்டுச் சுற்றை இழந்தோம். மாலையில் காரணம் கேட்டோம், சொன்னார், சாப்பிடப் போனோம். கணக்கில் இப்போது 41 டாலர் மிச்சம். அதனை அவர் 'பிரேக் ஆயில்' என்னும் தலைப்பின்கீழ் எழுதி வைத்திருக்கிறார்.